குட்டி இருக்கான்னு கேக்காதீங்க

தத்தெடுக்க நாய் இருக்குன்னு எந்தக் காப்பகம் அறிவிச்சாலும் முதல்ல வந்து விழற கேள்வி ஒண்ணுதான்: "குட்டி இருக்கா?" அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா வரும். ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கணும். ஆண் குட்டியா இருக்கணும். வெள்ளையோ பிரவுனோ இருந்தா நல்லது. காது தொங்கணும். (பொண்ணு பார்க்கப் போறவங்ககூட இப்பல்லாம் இவ்வளவு கண்டிஷன் போடறதில்ல. சரி சரி, போடறாங்க.) வளர்ந்த நாய் இருக்கு, மூணு வயசு, ஊசியெல்லாம் போட்டாச்சு, ஆபரேஷன் முடிஞ்சுது, ரொம்ப சாதுன்னு சொல்லிப் பாருங்க. "ஓ, யோசிச்சு சொல்றோம்"னு போனை வெச்சிடுவாங்க. யோசிக்க மாட்டாங்கன்னு ரெண்டு பக்கத்துக்கும் தெரியும். எனக்கு எரிச்சல் வர்ற இடம் இதுதான். நாய்க்கு ஒரு வீடு கொடுக்கணும்னு நினைக்கிற நல்ல மனுஷங்க, அந்த நல்ல எண்ணத்தோடயே போய் தங்களுக்கு ரொம்பக் கஷ்டமான நாயைத் தேர்ந்தெடுத்துட்டு வர்றாங்க. ஆறு மாசத்துல தலையில கை வெச்சுக்கறாங்க. அதனால வளர்ந்த நாய்மேல இரக்கம் காட்டுங்கன்னு நான் கெஞ்சப் போறதில்ல. இரக்கப் போட்டி வெச்சா குட்டிதான் ஜெயிக்கும், அதோட கண்ணு அப்படி. நான் பேசப் போறது முழுக்க உங்க சுயநலத்தைப் பத்தி. காப்பகத்துலேர்ந்து நாய் எடுக்கறதா இருந்தா, பெரும்பாலான வீடுகளுக்கு வளர்ந்த நாய்தான் லாபம்.

ஒரு ஞாயித்துக்கிழமை தத்தெடுப்பு முகாமை எடுத்துக்குங்க. துணி காயப்போட எடுத்துட்டுப் போவோமே, அந்த நீல பிளாஸ்டிக் கூடை. உள்ள பழைய லுங்கி. அதுக்குள்ள ஒண்ணுமேல ஒண்ணு சரிஞ்சு தூங்கற நாலு குட்டி. சுத்தி பத்துப் பேர், பத்துப் பேர் கையிலயும் போன். நாலு குட்டியும் மத்தியானத்துக்குள்ள போயிடும். பத்தடி தள்ளி புங்க மரத்துல கட்டியிருக்கிற செம்பட்டை நிற நாயைப் பாருங்க. காது நுனியில சின்னதா ஒரு வெட்டு. யாராவது அந்தப் பக்கம் நடந்தா எழுந்திருக்கும், வாலைத் தாழ்வா ரெண்டு தடவை ஆட்டும், அவங்க தாண்டிப் போனதும் மறுபடி உட்கார்ந்துக்கும். குரைக்காது, மேல தாவாது, சங்கிலியை இழுக்காது. வீட்டுக்குள்ள நமக்கு வேண்டிய குணம் எல்லாம் அங்க மரத்தடியில காட்சிக்கு இருக்கு. பார்க்கத்தான் ஆள் இல்ல.

இந்த வளர்ந்த நாய்ங்க காப்பகத்துக்கு எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் பார்க்கணும், ஏன்னா "ஏதோ கோளாறு இருக்கப் போய்தானே அங்க கிடக்கு"ன்னு ஒரு சந்தேகம் எல்லார் மனசுலயும் இருக்கு. நம்ம நாட்டுச் சட்டப்படி ஆரோக்கியமான தெருநாயைப் பிடிச்சா கருத்தடை செஞ்சு, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடிச்ச தெருவுலயே விடணும். (அந்தக் காது வெட்டு அதுக்கான அடையாளம்தான், ஏதோ சண்டையில கிழிஞ்சதுன்னு நினைச்சுப் பாவப்படாதீங்க.) சென்னையில ப்ளூ கிராஸ் 1964-லயே ஆரம்பிச்ச முறை இது, அப்புறம் 2001-ல மத்திய அரசு விதியாச்சு, 2023-ல புது விதி வந்துச்சு. ஆக, தெருவுக்குத் திரும்பிப் போகக்கூடிய நாய் தெருவுக்குப் போயிடும். காப்பகத்துல தங்கறது பெரும்பாலும் போக முடியாதவை. வண்டியில அடிபட்டு ஒரு கால் போனது, சொறி பிடிச்சு ரோமமே இல்லாம வந்து மூணு மாச வைத்தியத்துல தேறினது, வீடு மாத்தும்போது ஓனர் கேட் வெளிய விட்டுட்டுப் போனது. கடைசியா சொன்ன வகை ரொம்ப ஜாஸ்தி, அதுக்கு வீட்டுப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. இப்ப இன்னொரு வகையும் சேர்ந்திருக்கு. 2025 நவம்பர் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுல, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இடங்கள்ல பிடிக்கிற நாய்களை மறுபடி அங்கயே விடக்கூடாதுன்னு சொல்லியாச்சு. சரியா தப்பான்னு தனியா சண்டை போட்டுக்கலாம். ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல நாள் பூரா ஜனங்களுக்கு நடுவுல படுத்துக் கிடந்த நாய், மனுஷங்களோட வாழத் தெரியாத நாயா இருக்குமா? கோளாறு நாய்கிட்ட இல்ல, முகவரியிலதான்.

இப்ப குட்டிக்கு வருவோம். தாய் யாருன்னு தெரிஞ்சாலும் அப்பன் யாருன்னு தெரியாத ரெண்டு மாசக் குட்டி, சுத்தமான லாட்டரி டிக்கெட். ஒரே ஈத்துல பொறந்த குட்டிங்களுக்கே வேற வேற அப்பன் இருக்கலாம், நாய்க்கு அது சகஜம். வளர்ந்தா பன்னெண்டு கிலோவா, இருபத்தஞ்சு கிலோவான்னு டாக்டரே குத்துமதிப்பாத்தான் சொல்வார். பாதத்தைப் பார்த்து சொல்லலாம்பாங்க, ஜோசியம். குணம் அதைவிடக் குழப்பம். கூடையில ரொம்ப அமைதியா இருந்த குட்டி நிஜமாவே அமைதியா, இல்ல வயித்துல புழு இருந்து சோர்ந்து கிடந்துச்சான்னு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரியும். வளர்ந்த நாய்கிட்ட இந்த மர்மமே கிடையாது. எடை தெரியும், உயரம் தெரியும், முடி எவ்வளவு கொட்டும்னு தெரியும். பூனையைப் பார்த்தா துரத்துமா, மத்த நாயோட ஒத்துப்போகுமா, பட்டாசு சத்தத்துக்கு என்ன பண்ணும், தனியா விட்டா ஊளையிடுமான்னு தினம் சோறு வைக்கிறவங்ககிட்ட கேட்டா பதில் வரும். பத்து வருஷம் ஓட்டப்போற பைக்கை ஓட்டிப் பார்த்து வாங்கற ஆளுங்க, அதைவிட ஜாஸ்தி வருஷம் கூடவே இருக்கப்போற ஜீவனை மட்டும் போட்டோவைப் பார்த்து முடிவு பண்றாங்க.

சரி, லாட்டரி விழுந்திடுச்சு, குட்டி தங்கமான குட்டின்னே வெச்சுக்குவோம். அப்பவும் முதல் வருஷம் இருக்கே! குட்டியால எவ்வளவு நேரம் மூத்திரத்தை அடக்க முடியும்ங்கறதுக்கு நாய் பழக்கறவங்க ஒரு கணக்கு சொல்வாங்க: மாசத்துக்கு ஒரு மணி நேரம். ரெண்டு மாசக் குட்டின்னா ரெண்டு மணி நேரம், ராத்திரியும் சேர்த்துத்தான். வீட்டுல ரெண்டு பேரும் காலையில எட்டரைக்கு ஆபீஸ் கிளம்பினா அந்த ரெண்டு மணி நேரக் கணக்கை யார் பார்க்கிறது? அப்புறம் பல்லு. 28 பால் பல் விழுந்து 42 பல் முளைக்கிற வேலை மூணு மாசத்துல ஆரம்பிச்சு ஆறேழு மாசம் வரைக்கும் நடக்கும். அந்த நமைச்சலுக்குச் செருப்பு, சோபா கால், சார்ஜர் ஒயர் எல்லாமே ஒண்ணுதான். ஊசி இன்னொரு பக்கம். ஆறு, எட்டு வாரத்துல ஆரம்பிச்சு சில வாரத்துக்கு ஒருதடவைன்னு பதினாறு வாரம் வரைக்கும் போடணும், அது முடியறதுக்குள்ள தெருவுல இறக்கினா பார்வோ. ரத்தமா பேதி போய் மூணு நாள்ல குட்டியைக் கொண்டு போற நோய். அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்கா உயிரோட இருக்கும்ங்கறது பல பேருக்குத் தெரியாது. ஒரு குட்டி செத்த வீட்டுக்கே அடுத்த குட்டியைக் கூட்டிட்டு வந்து அதையும் பறிகொடுக்கிறாங்க. வளர்ந்த நாய்க்கு பார்வோ வரவே வராதுன்னு இல்ல, ஊசி போட்டு வளர்ந்ததுக்கு அந்தப் பயம் ரொம்பக் குறைவு.

இதெல்லாம் முடிஞ்சு அப்பாடான்னு உட்காரும்போது எட்டாவது மாசம் வரும். இங்கிலாந்துல நியூகாசில் பல்கலைக்கழக ஆளுங்க 2020-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. அஞ்சு மாசத்துல 'உட்காரு'ன்னா உட்கார்ந்த நாய், எட்டு மாசத்துல வளர்க்கிறவங்க சொன்னா கேக்கறதில்ல. அதே நாய்கிட்ட முன்னப்பின்ன தெரியாத ஆள் வந்து சொன்னா கேக்குது! வீட்டுல பத்தாவது படிக்கிற பையன் இருக்கிறவங்களுக்கு இதுக்கு ஆராய்ச்சியே தேவையில்ல. கவனிங்க, இது கண் தெரியாதவங்களுக்கு வழிகாட்ட வளர்க்கிற, பொறுக்கியெடுத்த லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் வகையறாவோட கதை. குட்டியா எடுத்துட்டுப் போன நாய் திரும்பக் காப்பகத்துக்கே வர்றதும், ராத்திரியோட ராத்திரியா பைபாஸ் ஓரத்துல இறக்கி விடப்படறதும் இந்த வயசுலதான். அழகும் போயிடும், புத்தியும் வந்திருக்காது. குட்டி குலைச்சு நாய் தலையில விடிஞ்ச கதைன்னு சும்மாவா சொன்னாங்க? குட்டியா இருந்தப்ப பண்ண சேட்டைக்கெல்லாம் சிரிச்சிட்டு, அதே சேட்டையை இருபது கிலோவுல பண்ணும்போது தண்டனை கொடுக்கிறோம்.

இங்கதான் பழமொழியைத் தூக்கிட்டு வருவாங்க. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? வளர்ந்த நாயைப் பழக்க முடியாது, குட்டியிலேர்ந்து நம்ம கையில வளர்ந்தாத்தான் நம்ம சொல்பேச்சு கேக்கும். இந்த வாதத்துல பாதி உண்மை இருக்கு, அதை மறைக்க வேண்டாம். ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிங்க வருஷக்கணக்கா நாய்களை வளர்த்துப் பார்த்து 1965-ல ஒரு புத்தகம் போட்டாங்க. பொறந்து மூணாவது வாரத்துலேர்ந்து பன்னெண்டாவது வாரம் வரைக்கும் உள்ள காலம் ரொம்ப முக்கியம், அப்ப மனுஷங்களைப் பார்க்காம வளர்ற நாய் பின்னாடி மனுஷங்களைக் கண்டாலே மிரளும்னு காட்டினாங்க. அது இன்னிக்கும் நிக்கிற உண்மை. ஆனா நம்ம ஊர்த் தெருநாய் அந்த ஒன்பது வாரத்தை எங்க கழிக்குது? டீக்கடை பெஞ்சுக்கு அடியில. ஸ்கூல் விட்டு வர்ற பசங்க பிஸ்கட் போடற சந்துல. ஆட்டோ ஸ்டாண்டுல. மனுஷ வாசனையே அதுக்குத் தாய்வீட்டு வாசனை. நியாயமா கவலைப்பட வேண்டியது கூண்டுக்குள்ள பொறந்து கூண்டுக்குள்ளயே மூணு மாசம் கடந்த குட்டியைப் பத்தித்தான். அப்புறம், அந்த ஆராய்ச்சி சொல்றது பயத்தைப் பத்தி. புதுசா கத்துக்கிறது பன்னெண்டாவது வாரத்தோட நின்னுடும்னு அவங்க எங்கயும் சொல்லல. டீக்கடை மாஸ்டர் பன்னை எந்த நேரத்துக்கு வீசுவார்னு தெரிஞ்சு வெச்சிருக்கிற, மூணு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடக்கிற நாய்க்கு 'உட்காரு' என்ன பெரிய பாடமா? மூத்திர விஷயத்துல இன்னும் சுலபம். வளர்ந்த நாய் படுக்கிற இடத்தைப் பெரும்பாலும் அசிங்கம் பண்ணாது, நேரத்துக்கு வெளிய கூட்டிட்டுப் போனா பல நாய்ங்க ஒரு வாரத்துக்குள்ள பிடிச்சுக்கும்.

"பழக்கிடலாம் சார், ஆனா பாசம்? குட்டியிலேர்ந்து வளர்த்த பாசம் வருமா?" இதுதான் எல்லாருக்கும் அடி மனசுல இருக்கிற பயம். இதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. 2001-ல ஹங்கேரி நாட்டு விஞ்ஞானிங்க காப்பகத்துல கிடந்த வளர்ந்த நாய்களை எடுத்துக்கிட்டாங்க. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் ஒரு நாயோட பத்து நிமிஷம் இருக்கணும், தடவிக் கொடுக்கணும், விளையாடணும். இது மாதிரி மூணு தடவை. அவ்வளவுதான், மொத்தம் அரை மணி நேரம். அப்புறம் சோதிச்சா, அந்த ஆளைத் தன் ஆளா நினைச்சு அந்த நாய் ஒட்டிக்குது; அவர் வெளிய போனா கதவுகிட்ட நிக்குது, அவர் வந்தா ஓடுது, வேற ஆளுக்கு அந்த மரியாதை இல்ல. அரை மணி நேரம்! நம்ம நாட்டுலயே கொல்கத்தா ஐசர் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிங்க தெருநாய்களை வெச்சு 2017-ல ஒண்ணு பண்ணாங்க. தெரியாத ஆள் திரும்பத் திரும்ப வந்து சோறு போட்ட நாய்களைவிட, தலையைத் தடவிக் கொடுத்த நாய்ங்கதான் அந்த ஆளைச் சீக்கிரம் நம்புதுங்க. பசியோட திரியற தெருநாய்க்குச் சோத்தைவிடத் தடவல் பெருசா இருக்கு. 'சோறு போடறவன் காலை நக்கும்'னு நாயைக் கேவலமாப் பேசறவங்க அந்த ஆராய்ச்சியை ஒருதடவை படிச்சுப் பார்க்கலாம். இவ்வளவு எதுக்கு, நட்புக்கு யானையைத் தேடாதே, நாய் மாதிரி ஆளைத் தேடுன்னு நாலடியார் சொல்லுதே, ஓனர் எறிஞ்ச வேல் உடம்புல குத்தி நிக்கும்போதும் வாலாட்டற நாய் அது. குட்டியாவா இருந்திருக்கும்?

அதே ஐசர் குழு 2016-ல வெளியிட்ட இன்னொரு கணக்கு எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப முக்கியமாப் படுது. மேற்கு வங்கத்துல 95 ஈத்துல பொறந்த 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனிச்சாங்க. இனப்பெருக்க வயசு வரைக்கும் பிழைச்சது 19 சதவீதம். செத்ததுல பாதிக்கு மேல மனுஷங்களால: வண்டி, அடி, விஷம், தூக்கிட்டுப் போறது. இதைக் கேட்டதும் "அப்ப குட்டியைத்தானே காப்பாத்தணும்"னு சொல்வீங்க. நியாயமான வாதம், இந்த ஒரு இடத்துல கொஞ்சம் தயங்கத்தான் வேண்டியிருக்கு. ஆனா தெருவுல இருக்கிற குட்டிக்கு உள்ள ஆபத்து வேற, காப்பகத்துக்குள்ள இருக்கிற குட்டியோட நிலைமை வேற. உள்ள இருக்கிற குட்டியை நீங்க எடுக்கலன்னா பக்கத்துல நிக்கிறவர் எடுத்துட்டுப் போவார், கூடை எப்படியும் காலியாகும். வளர்ந்த நாய் போனாத்தான் ஒரு கூண்டு நிஜமாவே காலியாகும். அந்தக் கூண்டுலதான் நாளைக்கு அடிபட்டு வர்ற குட்டி படுக்கும். இன்னொரு பக்கமும் யோசிங்க. அஞ்சுல ஒண்ணுகூட முழுசா தேறாத ஒரு பரீட்சையில தேறி, அதுக்கப்புறம் ஒரு ஆக்சிடெண்டையோ சொறியையோ தாண்டி உங்க முன்னாடி நிக்கிற நாய் எப்பேர்ப்பட்ட உடம்போட இருக்கும்!

வெறிநோய் பயத்தைப் பத்திப் பேசாம இருக்க முடியாது. "தெருவுல வளர்ந்ததை எப்படி வீட்டுக்குள்ள விடறது?" பயம் நியாயமானது. வெறிநோய் வந்துட்டா மருந்து கிடையாது, விளையாட்டில்ல. ஆனா இந்தப் பயம் தப்பான நாய்மேல போகுது. வெறிநோய் ஊசியை வழக்கமா மூணு மாச வயசுலதான் போடுவாங்க. அப்ப ரெண்டு மாசக் குட்டிக்கு? போட்டிருக்காது. காப்பகத்துல மாசக்கணக்கா இருக்கிற, ஊசி போட்ட, கண்காணிப்புல இருக்கிற பெரிய நாயைப் பார்த்து பயப்படறோம். ரோட்டோரத்துலேர்ந்து தூக்கிட்டு வந்த, ஊசி போடாத, முள்ளு மாதிரி பல்லால விரலைக் கடிக்கிற குட்டியைக் குழந்தை மடியில விடறோம். பெரிய நாய் கடிச்சா ஆஸ்பத்திரிக்கு ஓடற வீடு, குட்டி கீறினா "விளையாடுது"ன்னு மஞ்சள் வெச்சுட்டு விட்டுடும். அதுதான் ஆபத்து. குட்டி கடிச்சாலும் சோப்பு போட்டு, ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு, டாக்டர்கிட்ட போயே ஆகணும். இதை மட்டும் யாரும் வாதம் பண்ணாதீங்க.

இன்னொரு விஷயம், யாருக்காக நாய் எடுக்கிறோம்ங்கறது. நம்ம ஊர்ல ரெண்டு பேருக்காக எடுப்பாங்க: அடம் பிடிக்கிற குழந்தைக்காக, தனியா இருக்கிற அப்பா அம்மாவுக்காக. ரெண்டு இடத்துலயும் குட்டிதான் போகும், ரெண்டு இடத்துக்கும் பொருந்தாதது குட்டிதான். நாலு வயசுக் குழந்தையும் நாலு மாசக் குட்டியும் ஒரே வீட்டுலன்னா, கடிக்கக் கூடாதுன்னு தெரியாதது ஒண்ணு, வாலை இழுக்கக் கூடாதுன்னு தெரியாதது ஒண்ணு. நடுவுல அம்மா. அடுத்தது, பிள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுல. அப்பாவுக்கு எழுபது, அம்மாவுக்கு முழங்கால் வலி. துணைக்கு இருக்கட்டும்னு லீவுக்கு வந்த பையன் ஒரு லாப்ரடார் குட்டியை மடியில வெச்சுட்டு பிளேன் ஏறிடுவான். ஒரு வருஷத்துல அது முப்பது கிலோ. விடியக்காலை மாம்பலம் சந்துல சங்கிலியைப் பிடிச்சுட்டு அப்பா நடக்கறாரா, நாய் அப்பாவை நடத்துதான்னு தெரியாது. அதே வீட்டுக்கு ஆறு வயசு, பதினஞ்சு கிலோ நாட்டு நாய் ஒண்ணு போயிருந்தா? காலையில ஒரு சுத்து, சாயங்காலம் ஒரு சுத்து, மீதி நேரம் அப்பா பேப்பர் படிக்கிற நாற்காலிக்குக் கீழ தூக்கம். "சீக்கிரம் செத்துப் போயிடுமே, தாங்க முடியாதே"ன்னு சொல்றவங்களுக்கும் இதே கணக்குதான். நல்லா வளர்த்தா நாட்டு நாய் பன்னெண்டு வருஷத்துக்கு மேலயே இருக்கும், மூணு வயசுல எடுத்தா ஒன்பது பத்து வருஷம். எழுபது வயசுல குட்டி எடுத்தா எண்பத்திமூணுல அதைத் தூக்கி டாக்டர்கிட்ட கொண்டு போறது யாரு? சொல்லத் தயக்கமாத்தான் இருக்கு, ஆனாலும் நாய் நமக்கு முன்னாடி போறது நாய்க்கு நல்லது.

வளர்ந்த நாய்ல சிக்கலே இல்லன்னு சொன்னா நான் ஏமாத்தறேன்னு அர்த்தம். உண்ணிக் காய்ச்சல் ரத்தத்துல ஒளிஞ்சிருக்கும். எடுக்கிறதுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க, காப்பகமே பண்ணியிருந்தா ரிப்போர்ட்டை வாங்கிப் பாருங்க. சில நாய் ஆம்பளைக் குரல் கேட்டாலே மூலைக்குப் போயிடும், சில நாய்க்குக் குச்சியைப் பார்த்தா நடுங்கும். அந்த மாதிரி நாய்க்குப் பொறுமையான, அனுபவப்பட்ட வீடு வேணும், முதல் தடவை நாய் வளர்க்கிறவங்க வீராப்புக்கு எடுக்க வேண்டாம். கூண்டுல ஒரு மாதிரி இருக்கிறது வீட்டுல வேற மாதிரி மாறவும் செய்யும். அங்க தட்டைத் தொட்டா உறுமறது இங்க உறுமாம இருக்கலாம், அங்க சாதுவா இருந்தது பயத்துல உறைஞ்சு போயிருந்ததா இருக்கலாம். அதனால ஒரே நாள்ல முடிவு பண்ணாதீங்க. மூணு தடவை போங்க. முதல் தடவை கிட்டப் போய்க் குனிஞ்சு கொஞ்சாதீங்க, பக்கவாட்டுல திரும்பிக் குந்தி உட்காருங்க, கையைக் கீழ வெச்சுக்குங்க, அதுவா வந்து மோந்து பார்க்கட்டும். ரெண்டாவது தடவை காப்பகத்துக்கு வெளிய ஒரு நடை கூட்டிட்டுப் போங்க; பைக் சத்தம், மாடு, வேற நாய், எதுக்கு என்ன பண்ணுதுன்னு தெரியும். மூணாவது தடவை வீட்டுல உள்ள எல்லாரும் போங்க, முக்கியமா "எனக்கு நாயே பிடிக்காது"ன்னு சொல்றவங்க. (பல வீட்டுல நாய் கடைசியில போய் ஒட்டிக்கறது அவங்ககிட்டதான்.) அதே மாதிரி, உங்க தெருவுல நல்லா இருக்கிற, பத்து வீட்டுல சாப்பிட்டுட்டு ராஜா மாதிரி சுத்தற நாயைப் பிடிச்சு ரெண்டாவது மாடி பிளாட்டுல பூட்டாதீங்க. அதுக்கு வீடு இருக்கு, கூரைதான் இல்ல. நான் பேசறது அந்த நாயைப் பத்தி இல்ல, போக இடமில்லாம காப்பகத்துல இருக்கிறதைப் பத்தி.

வீட்டுக்கு வந்த முதல் சில நாள் எப்படி இருக்கும்ங்கறது தெரிஞ்சிருந்தா பாதி நாய் திரும்பி வராது. தெருநாய் வாழ்க்கையில வழவழ டைல்ஸ் தரை பார்த்திருக்காது. நாலு காலும் நாலு பக்கம் வழுக்கும், அப்படியே உறைஞ்சு நிக்கும். பழைய சாக்கு, கால்மிதியடி ரெண்டு மூணு போட்டு ஒரு பாதை மாதிரி பண்ணிக் கொடுங்க. மாடிப்படி, லிப்ட், தலைக்கு மேல சுத்தற ஃபேன், எல்லாமே புதுசு. காலையில அடுப்பங்கரையில குக்கர் முதல் விசில் அடிக்கும் பாருங்க, அப்ப டைனிங் டேபிளுக்கு அடியில போய் ஒடுங்கும். மூணாவது விசிலுக்கு வெளிய எட்டிப் பார்க்கும். ஒரு வாரத்துல விசில்னா சோறுன்னு கணக்கு போட்டுடும். ரெண்டு நாள் சாப்பிடாமகூட இருக்கலாம், அதுக்காகப் பிரியாணி வாங்கி ஊட்டாதீங்க. காப்பகத்துல என்ன சாப்பிட்டுச்சோ அதையே வைங்க. விருந்தாளி கூட்டம், குளிப்பாட்டல், போட்டோ எதுவும் முதல் வாரம் வேண்டாம். மூணு நாள் மிரட்சி, மூணு வாரத்துல பழக்கம், மூணு மாசத்துல சொந்த வீடுன்னு காப்பகக்காரங்க ஒரு கணக்கு சொல்வாங்க. மூணாவது நாள் ராத்திரி "இது சரிப்பட்டு வராது"ன்னு போன் பண்றவங்க எல்லாம் அந்தக் கணக்குல முதல் படியிலயே நிக்கறவங்க.

அபார்ட்மெண்ட் சங்கம்? பெரும்பான்மை ஓட்டு எடுத்தாக்கூட செல்லப்பிராணி வளர்க்கத் தடை போட முடியாதுன்னு இந்திய விலங்கு நல வாரியம் 2015-லயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு, செகரட்டரிகிட்ட மரியாதையாக் காட்டுங்க. சென்னையில இருந்தா மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப்பும் எடுத்துடுங்க, இல்லன்னா 5,000 ரூபாய் அபராதம். நாட்டு நாய்க்கு எதுக்கு உரிமம்னு கேக்காதீங்க, ஹஸ்கிக்கு உள்ள அதே விதிதான்.

கடைசியா ஒரு சின்ன ஆட்சேபம், ஆனா நிஜமாவே பல பேர் சொல்றது: "வளர்ந்த நாய்க்கு ஏற்கெனவே பேர் இருக்குமே, நாங்க சிம்பான்னு வைக்கலாம்னு இருந்தோம்." தாராளமா வைங்க. பேரைச் சொல்லி ஒரு பிஸ்கட் துண்டு, பேரைச் சொல்லி ஒரு பிஸ்கட் துண்டு, சில நாள்ல திரும்பிப் பார்க்கும். ஆனா மணின்னு கூப்பிட்டதும் அந்தத் தாழ்ந்த வால் சட்டுனு மேல ஏறுச்சுன்னா, மணின்னே விட்டுடுங்க. நல்ல பேர்தானே.